நாலு நிமிஷம் எங்கே போச்சு?

நேயர்களுக்கு வணக்கம்.

இந்த உரைக்காக வானொலி நிலையத்திலிருந்து தொலைபேசியில் அழைத்தபோது, ஒலிப்பதிவுக்கு எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று கேட்டேன். "பத்து, பத்தரைக்கு வந்தாப் போதும் சார்" என்றார்கள். "பத்துக்கா, பத்தரைக்கா?" என்றேன். அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு. ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவனிடம் 'பத்து, பத்தரை' என்று சொன்னால், நடுவில் உள்ள அந்த அரை மணி நேரத்தை எந்த லைனில் நிறுத்துவது என்று யோசிக்க ஆரம்பித்துவிடுவான். வேலை என்னை விட்டுப் பல வருஷம் ஆகிவிட்டது. அது கொடுத்த பழக்கம் மட்டும் சம்பளம் வாங்காமல் இன்னும் டூட்டி பார்த்துக்கொண்டிருக்கிறது.

நான் தெற்கு ரயில்வேயில் வேலை பார்த்தவன். பெரிய ஜங்ஷன்களில் இருந்த காலம் குறைவு. என் சர்வீஸில் பெரும்பகுதி மீட்டர் கேஜ் ஒற்றைப் பாதையில், எக்ஸ்பிரஸ் வண்டிகள் நிற்காமல் போகும் சின்ன ஸ்டேஷன்களில் கழிந்தது. இளைய நேயர்களுக்காக ஒரு வார்த்தை: மீட்டர் கேஜ் என்றால் இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே ஒரே ஒரு மீட்டர். இன்று நீங்கள் எங்கும் பார்க்கும் அகலப் பாதை 1676 மில்லிமீட்டர். 1992இல் எல்லாவற்றையும் ஒரே அகலமாக்கும் திட்டம் தொடங்கிய பிறகு மீட்டர் கேஜ் பகுதி பகுதியாக மறைந்தது. விழுப்புரம் – மயிலாடுதுறை பாதை 2010இல் அகலமாகித் திறந்தது. இன்றைக்குத் தமிழ்நாட்டில் மீட்டர் கேஜ் வண்டியில் ஏற வேண்டுமென்றால் நீலகிரி மலை ரயிலுக்குத்தான் போக வேண்டும்.

ஒற்றைப் பாதையில் இரண்டு வண்டிகள் எதிரும் புதிருமாக வந்துவிடக் கூடாது. எங்கள் வேலையின் சாரம் அவ்வளவுதான். திருச்சிப் பயிற்சிப் பள்ளியில் மாதக்கணக்கில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்ததெல்லாம் இந்த ஒரு வரிக்கான விரிவுரை. அதற்கு எங்கள் கையில் இருந்த கருவிக்கு 'நீல்ஸ் டோக்கன்' என்று பெயர். கனமான இரும்புப் பெட்டி. உள்ளே உருக்குக் குண்டுகள். ஒவ்வொரு குண்டிலும் அடுத்தடுத்த இரண்டு ஸ்டேஷன்களின் பெயரைப் பொறித்திருப்பார்கள். அந்தக் குண்டு எந்த என்ஜினில் இருக்கிறதோ, இரண்டு ஸ்டேஷனுக்கும் நடுவில் உள்ள பாதை அந்த என்ஜினுக்குத்தான் சொந்தம். ஒரு குண்டு வெளியே வந்துவிட்டால், அது இந்தப் பெட்டிக்கோ அந்தப் பெட்டிக்கோ திரும்பிச் சேரும்வரை இரண்டிலிருந்தும் இன்னொரு குண்டு விழாது. நான் தலைகீழாக நின்றாலும் விழாது.

இதில் எனக்கு எப்போதும் பிடித்த ஒரு விஷயம் உண்டு. நான் மட்டும் ஆசைப்பட்டால் குண்டு வராது. அடுத்த ஸ்டேஷன் மாஸ்டர் அங்கே தன் கருவியில் கைவைத்து ஒப்புக்கொண்டால்தான் இங்கே என் கருவியில் விழும். இதற்குத்தான் லைன் கிளியர் கேட்பது, லைன் கிளியர் கொடுப்பது என்று பெயர். ஒருவர் கேட்க வேண்டும், ஒருவர் பதில் சொல்ல வேண்டும். பதில் வராதவரை ஆயிரம் பேர் உட்கார்ந்திருக்கும் வண்டி அசையாமல் நிற்கும்.

குண்டைத் தோல் பையில் போட்டு, பையைப் பிரம்பு வளையத்தில் மாட்டி, பாயிண்ட்ஸ்மேன் பிளாட்பார ஓரத்தில் கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நிற்பார். நிற்காத வண்டி வரும்போது என்ஜினிலிருந்து ஒருவர் பழைய வளையத்தை வீசிவிட்டு, புது வளையத்துக்குள் கையை நுழைத்து வாங்கிக்கொண்டு போய்விடுவார். ஒய்.பி. நீராவி என்ஜினாக இருந்தால் அவர் ஃபயர்மேன். பிறகு வந்த ஒய்.டி.எம்.4 டீசலாக இருந்தால் அசிஸ்டென்ட் டிரைவர். மழை நாளில் வளையம் நழுவிக் கீழே விழுந்தால் வண்டி நிற்க வேண்டியதுதான். கையில் டோக்கன் இல்லாமல் டிரைவர் மேலே நகரமாட்டார். விளக்கை எடுத்துக்கொண்டு எல்லோரும் கல்லுக்கு நடுவே தேடுவோம். அந்தத் தேடலில் பதவி வித்தியாசம் கிடையாது.

பக்கத்து ஸ்டேஷனோடு பேசுவதற்கு மணிக்கணக்கு ஒன்று உண்டு. ஒரு மணி அடித்தால் 'போனை எடு'. இரண்டு அடித்தால் லைன் கிளியர் கேட்கிறேன். மூன்று, வண்டி கிளம்பிவிட்டது. நான்கு, வண்டி முழுசாக வந்து சேர்ந்தது. ஐந்து, கடைசியாகச் சொன்னதை ரத்து செய்கிறேன். ஆறு அடித்தால் ஆபத்து. பாதையில் தடை இருக்கிறது, எதையும் அனுப்பாதே. ஆறு மணியை நான் கேட்டது அபூர்வம். ஆனால் அதற்காகவே காதைத் தீட்டி வைத்திருந்தோம்.

என் பேரன் எங்கள் வீட்டு அழைப்பு மணியை ஆறு தடவைதான் அடிப்பான். ஏன் ஆறு என்று அவனுக்கே தெரியாது. நான்காவது மணிக்கே நான் நாற்காலியை விட்டு எழுந்திருப்பேன், ஆறு முடியும்போது கதவருகே நிற்பேன். 'தாத்தா என்னைப் பார்க்க ஓடி வருகிறார்' என்று அவன் தன் அம்மாவிடம் பெருமையாகச் சொல்கிறானாம். அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

கேட்மேன்களோடு எங்களுக்கு இன்னொரு ஏற்பாடு இருந்தது. லெவல் கிராசிங்கில் கேட்டை மூடிவிட்டேன் என்று அவர் போனில் சொன்னால் மட்டும் போதாது. ஒரு ரகசிய எண்ணும் சொல்ல வேண்டும். பிரைவேட் நம்பர் என்போம். வரிசையாக இல்லாமல் கலைத்துப்போட்ட இரண்டு இலக்க எண்கள் ஒரு தாளில் இருக்கும். ஒரு எண்ணைச் சொன்னதும் அதை அடித்துவிட வேண்டும். யாரோ தூக்கக் கலக்கத்தில் 'மூடியாச்சு சார்' என்று சொல்வதற்கும், தாளை எடுத்துப் பார்த்து எண்ணைச் சொல்லி அதை எழுதி வைப்பதற்கும் நடுவே ஒரு விழிப்பு வந்துவிடுகிறது. மனிதனுடைய அசதியைத் தெரிந்தவர் யாரோ ஒருவர் போட்ட விதி அது. இன்றைக்கும் இரவில் படுக்கும்போது "வாசக் கதவைப் பூட்டியாச்சா?" என்று நான் கேட்டால், என் மனைவி அடுக்களையிலிருந்து "பூட்டியாச்சுங்க, முப்பத்தேழு" என்பாள். ஒருநாள் நாற்பத்திரண்டு. பல வருஷம் ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருந்தவளுக்கு இதெல்லாம் யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

இந்தக் கதையில் இன்னொரு ஆள் பாக்கி இருக்கிறார். செக்‌ஷன் கண்ட்ரோலர். டிவிஷன் ஆபீஸில் காதில் போனை மாட்டிக்கொண்டு, எல்லா ஸ்டேஷன்களோடும் ஒரே கம்பியில் பேசுவார். அவருக்கு முன்னால் பெரிய வரைபடத் தாள். ஒரு பக்கம் நேரம், ஒரு பக்கம் ஸ்டேஷன்கள். ஓடும் வண்டி ஒவ்வொன்றும் அதில் ஒரு சாய்ந்த கோடு. வண்டி எங்காவது நின்றால் அந்தக் கோடு படுத்துவிடும். கோடு படுத்த இடத்துக்கெல்லாம் அவருக்குக் காரணம் வேண்டும்.

"மாஸ்டர், பாசஞ்சர் உங்ககிட்ட நாலு நிமிஷம் கூட நின்னிருக்கு. நாலு நிமிஷம் எங்கே போச்சு?"

"கேட்டுல மாட்டு வண்டி அச்சு முறிஞ்சு நின்னுடுச்சு சார்."

"அது ரெண்டு நிமிஷம். மீதி ரெண்டு?"

மீதி இரண்டுக்கும் கணக்குச் சொல்ல வேண்டும். ஒரு கர்ப்பிணிப் பெண்ணை ஏற்றிவிட நேரமானது, பார்சல் இறக்க ஆள் இல்லை, எதிர் வண்டி வந்து சேரத் தாமதம் என்று ஏதோ ஒன்று. அதைத் தாளில் எழுதினால்தான் அவர் மனம் ஆறும். இரவு இரண்டு மணிக்கு, வெளியே நாய்கூடக் குரைக்காத ஒரு ஸ்டேஷனில், இரண்டு நிமிஷத்துக்காக இன்னொரு மனிதரிடம் வாதாடியிருக்கிறேன். அப்போது வந்த எரிச்சல் கொஞ்சமா நஞ்சமா. 'ஊரில் எல்லோரும் மணிக்கணக்கில் வீணாக்குகிறார்கள், என்னிடம் மட்டும் நிமிஷக் கணக்கா' என்று பல்லைக் கடித்திருக்கிறேன்.

டிரைவர்களுக்கு எங்கள் மேல் வேறொரு கோபம். எக்ஸ்பிரஸுக்கு வழிவிட வேண்டுமென்றால் கூட்ஸ் வண்டியைப் பக்கத்து லூப் லைனில் போட்டுவிடுவோம். ஒருமணி நேரம், இரண்டு மணி நேரம் என்று அது அங்கேயே நிற்கும். கைகாட்டி எப்போது இறங்கும் என்று டிரைவர் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பார். பொறுமை போனால் விசில். சிலர் அடிக்கும் விசிலிலேயே வசவு கேட்கும்.

பக்கத்து ஸ்டேஷன்காரர் ஒருவரோடு பல வருஷம் தினமும் பேசியிருக்கிறேன். லைன் கிளியர் கேட்டுப் பதில் வரும் வேகத்தை வைத்தே அன்றைக்கு அவருக்கு உடம்பு எப்படி, வீட்டில் ஏதாவது சிக்கலா என்று சொல்லிவிடுவேன். அவர் கனமான குரலில் "கொடுத்தாச்சு" என்று சொல்லும் விதத்தில் ஒரு நிதானம் இருக்கும். ஆறடி ஆள் என்று மனதில் எழுதி வைத்திருந்தேன். அவர் மகள் கல்யாணத்தில்தான் முதன்முதலாக நேரில் பார்த்தேன். என் தோள் உயரத்துக்குத்தான் இருந்தார். அவரும் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நீங்க வழுக்கையா இருப்பீங்கன்னு நினைச்சேன் மாஸ்டர்" என்றார். என் குரலில் வழுக்கை எங்கே தெரிந்தது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

சின்ன ஸ்டேஷன்களில் டிக்கெட் கொடுப்பதும் நாங்கள்தான். தடித்த அட்டை டிக்கெட். எட்மண்ட்சன் என்ற ஆங்கிலேயர் 19ஆம் நூற்றாண்டில் கொண்டுவந்த முறை. தேதி இயந்திரத்தில் செருகினால் 'டக்' என்று ஒரு சத்தம். ஒவ்வொரு ஊருக்கும் தனி அடுக்கு, ஒவ்வொரு டிக்கெட்டிலும் வரிசை எண். காலையில் எந்த எண்ணில் ஆரம்பித்தோம், இரவில் எந்த எண்ணில் நிற்கிறோம், அதைக் கழித்தால் விற்பனைக் கணக்கு வந்துவிடும். ஜன்னலுக்கு வெளியே நிற்பவர்கள் டிக்கெட்டோடு சேர்த்து ஒரு கேள்வியையும் கேட்பார்கள். "வண்டி கரெக்டா வருதா சார்?" அந்தக் கேள்விக்கு அந்த ஊரில் பதில் தெரிந்த ஒரே ஆள் நான். இப்போது கைபேசியில் தட்டினால் வண்டி எந்த வளைவில் திரும்புகிறது என்பதுவரை தெரிகிறது. நல்லதுதான். எங்கள் வீட்டில்கூட யாராவது ஊருக்குப் புறப்பட்டால் என்னைக் கேட்பதில்லை, கைபேசியைக் கேட்கிறார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை என்று சொன்னால் நீங்கள் நம்ப வேண்டாம்.

கடைசி வருஷங்களில் டோக்கன் போய்விட்டது. வண்ண விளக்கு சிக்னல், பொத்தான் பேனல், அப்புறம் கம்ப்யூட்டர் திரை. பாதுகாப்பில் அது எங்கள் குண்டுப் பெட்டியைவிட ஒரு படி மேல்தான், அதில் எனக்குச் சந்தேகம் கிடையாது. 'அந்தக் காலம் போல வருமா' என்று நான் சொல்லப்போவதில்லை. மண்ணெண்ணெய் விளக்கைத் தூக்கிக்கொண்டு மழையில் கைகாட்டி மரத்தில் ஏறிய லேம்ப்மேனிடம் கேட்டுப் பாருங்கள், அந்தக் காலம் எப்படி இருந்தது என்று.

ஓய்வு பெறும் நாளைப் பற்றி நிறையப் பேர் உருக்கமாகப் பேசுகிறார்கள். எனக்கு அதில் சொல்ல அதிகம் இல்லை. எங்களுக்கு மாதத்தின் கடைசி நாள்தான் ஓய்வு நாள். ஒன்றாம் தேதி பிறந்தவராக இருந்தால் அதற்கு முந்தைய மாதக் கடைசியிலேயே அனுப்பிவிடுவார்கள். மாலை, பேச்சு, போட்டோ எல்லாம் நடந்தது. ஸ்டேஷன் டைரியில் பொறுப்பை ஒப்படைத்ததாக எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வாங்கிக்கொண்டவர் கீழே கையெழுத்துப் போட்டார். எத்தனையோ முறை எழுதிய அதே வாசகம், அன்றும் ஒரு எழுத்துக்கூட மாறவில்லை.

அடுத்த நாள் காலையிலிருந்துதான் விஷயம் ஆரம்பிக்கிறது.

முதல் சில மாதங்கள் தூக்கம் மூன்று துண்டாக இருந்தது. காலை எட்டு முதல் மாலை நான்கு, நான்கு முதல் நள்ளிரவு, நள்ளிரவு முதல் காலை எட்டு என்று மாறி மாறி வேலை பார்த்த உடம்பு. சில ஸ்டேஷன்களில் பன்னிரண்டு மணி நேர டூட்டி. இரவென்றால் தூங்க வேண்டும் என்பதே அந்த உடம்புக்குப் புதுச் செய்தி. நள்ளிரவில் விழிப்பு வந்தால் மனசுக்குள் ஒரு வண்டி ஓடும். இந்நேரம் அது எந்த ஸ்டேஷனைத் தாண்டியிருக்கும் என்று கணக்குப் போடுவேன். அப்புறம் மெல்ல மெல்ல உடம்பு வழிக்கு வந்தது.

வீட்டில் என் இடம் எது என்பது இன்னொரு கேள்வி. அதைப் பற்றி ஓய்வுபெற்ற ஆண்கள் எல்லோரும் ஒரே மாதிரி நகைச்சுவைதான் சொல்வார்கள், நான் அதைத் திரும்பச் சொல்லவில்லை. என் மனைவி ஒரே வரியில் முடித்துவிட்டாள். "நீங்க இல்லாமலே இந்த வீடு இத்தனை வருஷம் டயத்துக்கு ஓடியிருக்கு" என்றாள். உண்மை. அப்பீலுக்கு இடமில்லாத உண்மை.

ஓய்வு பெற்றவர்களுக்கு எல்லோரும் தரும் அறிவுரை, 'ஏதாவது பொழுதுபோக்கு வைத்துக்கொள்ளுங்கள், இனி உங்களுக்காக வாழுங்கள்' என்பது. தோட்டம், யோகா, ஆன்மிகச் சுற்றுலா. எல்லாம் நல்ல விஷயம்தான், செய்கிறவர்கள் செய்யட்டும். எனக்கு அது ஒட்டவில்லை. தோட்டத்தில் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவேன். பத்து நிமிஷம் முன்னால் ஊற்றினாலும் பின்னால் ஊற்றினாலும் செடி ஒன்றும் கேட்காது. திண்ணையில் மதியம்வரை செய்தித்தாளோடு உட்கார்ந்திருப்பேன். யாரும் வந்து, மாஸ்டர், மூன்று மணி நேரம் எங்கே போச்சு என்று கேட்கமாட்டார்கள். அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. வேலை நாள்களில் எது என்னைப் பல்லைக் கடிக்க வைத்ததோ, அதைத்தான் நான் தேடிக்கொண்டிருந்தேன். என் நாலு நிமிஷத்தைப் பற்றி இன்னொருவருக்கு அக்கறை இருந்தது. அதற்காக அவர் என்னோடு சண்டை போட்டார். நான் பதில் சொல்லக் கடமைப்பட்டவனாக இருந்தேன். அதிகாரம், வெள்ளைச் சீருடை, 'மாஸ்டர்' என்ற அழைப்பு இதெல்லாம் போனது எனக்கு அவ்வளவாக உறைக்கவில்லை. கேள்வி கேட்க ஆள் இல்லாமல் போனதுதான் உறைத்தது.

ஒரு நோட்டு வாங்கி எழுத ஆரம்பித்தேன். ஸ்டேஷனில் டிரெயின் ரிஜிஸ்டர் என்று ஒன்று உண்டு. எந்த வண்டிக்கு எப்போது லைன் கிளியர் கேட்டோம், எப்போது வந்தது, எப்போது போனது, எல்லாம் அதில் நிமிஷத்தோடு ஏறும். வீட்டு நோட்டும் அதே கட்டங்கள்தான். மாத்திரை 7.10, கேஸ் சிலிண்டர் 11.35, மகள் திருச்சிக்குப் புறப்பாடு 14.20. திருச்சி என்று எழுதமாட்டேன், டி.பி.ஜே. என்றுதான் கை எழுதும். திருநெல்வேலி டி.இ.என்., மயிலாடுதுறை இன்னும் எம்.வி. ஊர்ப் பெயர்கள் மாறி எவ்வளவோ காலமானாலும் ரயில்வேக் குறியீட்டில் ட்ரிச்சினாபோலியும் டின்னவேலியும் மாயவரமும் அப்படியே உட்கார்ந்திருக்கின்றன. நோட்டு எழுதுவது எனக்கு ஆறுதலாக இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் அதை எடுத்துப் பார்த்து 'இது ஏன் இப்படி' என்று கேட்க ஒருவரும் இல்லாத ரிஜிஸ்டர் அது.

பிறகு ஒரு நவம்பர் மாதம் வந்தது.

பென்ஷன் வாங்கும் நேயர்களுக்கு நவம்பர் என்றால் என்னவென்று தெரியும். நாம் உயிரோடு இருக்கிறோம் என்று வருஷா வருஷம் சான்று கொடுக்க வேண்டிய மாதம். முன்பெல்லாம் வங்கியில் வரிசை. ஊன்றுகோலோடும் ஆட்டோவிலும் வந்து, நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, 'நான் இருக்கிறேன்' என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். 2014 நவம்பரில் 'ஜீவன் பிரமாண்' என்ற டிஜிட்டல் முறை வந்தது. கைரேகை வைத்தால் போதும் என்றார்கள். வயதான விரல்களில் ரேகை சரியாக விழாமல் சிலர் திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருந்தார்கள். 2021 முதல் கைபேசியில் முகத்தைக் காட்டியே முடிக்கலாம். ஆதார் எண், பென்ஷன் உத்தரவு எண், வங்கிக் கணக்கு விவரம் இவற்றைப் போட்டு, கேமராவைப் பார்த்து, அது சொல்லும்போது கண்ணைச் சிமிட்ட வேண்டும். முடிந்தால் குறுஞ்செய்தியில் ஒரு எண் வரும்.

என் மருமகன் எனக்கு இதைச் செய்து காட்டினார். ஒருமுறை பார்த்ததும் பிடிபட்டுவிட்டது. எதிர் வீட்டில் ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியர், அவர் கேட்டார், செய்துகொடுத்தேன். அவர் இன்னொருவரை அழைத்து வந்தார். குடும்ப ஓய்வூதியம் வாங்கும் அம்மாக்கள் வந்தார்கள். கணவர் இருந்தவரை எல்லாவற்றையும் அவரே பார்த்துக்கொண்டதால், பென்ஷன் புத்தகத்தை மஞ்சள் பையில் பத்திரமாகச் சுற்றிக்கொண்டு வந்து, "இதுல எது அந்த நம்பர்னு நீங்களே பாருங்க தம்பி" என்று நீட்டுவார்கள். எழுபது தாண்டிய என்னைத் தம்பி என்று கூப்பிட ஊரில் இன்னும் ஆள் இருக்கிறது என்பதில் எனக்கு ஒரு சந்தோஷம். கண் சிமிட்டச் சொன்னால் சிலர் இறுக மூடிக்கொண்டு திறக்கவே மாட்டார்கள். சிலர் கேமராவைப் பார்த்தால் புகைப்படத்துக்கு நிற்பதுபோல் மூச்சைப் பிடித்துக்கொண்டு இமைக்காமல் இருப்பார்கள். "அம்மா, கொஞ்சம் சிமிட்டுங்க, நீங்க இருக்கீங்கன்னு அது நம்பணும்" என்பேன்.

வீட்டு நோட்டு இதற்குப் பயன்பட்டது. பெயர், தேதி, நேரம், குறுஞ்செய்தி வந்ததா இல்லையா என்று நான்கு கட்டம். ஆதார் எண்ணையோ கணக்கு எண்ணையோ எழுதுவதில்லை. அதைக் கேட்டு வாங்கிக் குறித்துவைக்கும் எவரிடமும் கொடுக்காதீர்கள் என்றும் சொல்லி அனுப்புவேன். வந்தவர்கள் போகும்போது கையைப் பிடித்துக்கொண்டு கேட்பார்கள், "என்னோடது போயிடுச்சா? நிச்சயமாப் போயிடுச்சா?" நோட்டைப் பார்த்து, "உங்களது 11.42க்குப் போயாச்சு" என்பேன். அந்த இரண்டு இலக்க நிமிஷத்தைக் கேட்டதும் அவர்கள் முகத்தில் ஒரு நம்பிக்கை வரும். 'பதினொண்ணே முக்கால் வாக்குல' என்று சொல்லியிருந்தால் அது வந்திருக்காது.

ஒருநாள் இரண்டாவது தெருவில் இருக்கும் ஓர் அம்மாவுக்கு, நடக்க முடியாதவர், வீட்டுக்கே வருகிறேன் என்று சொல்லியிருந்தேன். அன்றைக்கு மின்தடை, கைபேசியில் சார்ஜ் இல்லை, மறுநாள்தான் போனேன். கதவைத் திறந்ததும் அந்த அம்மா கேட்டார்: "நேத்தே வரேன்னீங்களே, ஏன் வரலை? காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் வாசலையே பார்த்துக்கிட்டிருந்தேன்."

அவர் கோபமாகத்தான் கேட்டார். எனக்குள்ளே எதுவோ நிமிர்ந்து உட்கார்ந்தது. மின்சாரம் எத்தனை மணிக்குப் போனது, எத்தனை மணிக்கு வந்தது, சார்ஜ் ஏற எவ்வளவு நேரம் பிடித்தது, ஏன் இரவில் வரவில்லை என்று ஒன்று விடாமல் சொன்னேன். அவர் முழுசாகக் கேட்டுவிட்டு, "சரி, கரண்டு எட்டு மணிக்கு வந்துடுச்சில்ல, ஒரு போன் பண்ணிச் சொல்லியிருக்கலாமே?" என்றார். கண்ட்ரோலரேதான்.

இந்த நவம்பர் வேலையில்தான் எனக்கு என் டிரைவர் நண்பர் கிடைத்தார். பெயர் வேண்டாம். வயது எழுபத்தொன்பது. பென்ஷன் நோட்டில் பதவியைப் பார்த்ததும், எந்த செக்‌ஷன் என்று கேட்டேன். என் செக்‌ஷன். எத்தனையோ இரவு என் ஸ்டேஷன் வழியாகப் போயிருக்கிறார். எனக்கு அவர் என்ஜினிலிருந்து நீளும் ஒரு கை. அவருக்கு நான் பிளாட்பாரத்தில் பச்சை விளக்கைப் பிடித்திருக்கும் ஒரு நிழல். முகம் பார்த்து உட்கார்ந்து பேச இத்தனை காலம் ஆனது.

முதல் நாளே சண்டை. "எந்த மாஸ்டர் எங்களை லூப்புல போட்டுட்டு மூணு மணி நேரம் தூங்கினாரோ, அவர் நீங்கதானா?" என்றார். "ஊரே எழுந்திருக்கிற மாதிரி விசில் அடிச்சது நீங்கதானா?" என்றேன். இப்போது தினமும் மாலையில் பூங்கா பெஞ்சில் இந்த வழக்கு நடக்கிறது. தீர்ப்பு வராது, வரவும் கூடாது. நடுவில் கார்டாக இருந்த ஒருவர் வந்து உட்காருவார். இப்போது அந்தப் பதவிக்கு 'டிரெயின் மேனேஜர்' என்று பெயர் மாற்றிவிட்டார்கள், அதனால் அவரை 'மேனேஜர் சார்' என்று கூப்பிட்டு வம்பிழுப்போம். "நான் கார்டாத்தான் போனேன், கார்டாவே இருக்கிறேன்" என்பார்.

பெஞ்சில் பேசும் மற்ற விஷயங்கள் உங்களுக்குத் தெரிந்தவைதான். ஜனவரி, ஜூலை அகவிலை நிவாரணம். ஓய்வின்போது மொத்தப் பணமாக வாங்கிக்கொண்டு விற்ற பென்ஷன் பகுதி 15 வருஷம் கழித்துத் திரும்பும் தேதி. 1998இல் ஓய்வு வயது 58இலிருந்து 60 ஆனபோது தமக்குக் கிடைத்த இரண்டு வருஷத்தைப் பற்றி டிரைவர் இன்றும் லாட்டரி அடித்தவர் குரலில் சொல்வார். டிசம்பர் 17ஆம் தேதியை மட்டும் நாங்கள் கொஞ்சம் மரியாதையோடு பேசுவோம். 1982இல் அந்த நாளில்தான் நகாரா வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்புச் சொன்னது. 1979 மார்ச் 31க்கு முன் ஓய்வு பெற்றவர்களுக்கு ஒரு கணக்கு, அதற்குப் பின் பெற்றவர்களுக்கு ஒரு கணக்கு என்று ஒரு தேதியை வைத்துப் பிரித்ததை அது ஏற்கவில்லை. பென்ஷன் என்பது யாருடைய தயவிலும் கிடைக்கும் கொடை கிடையாது, முன்பு செய்த வேலைக்கு உரிமையாகச் சேர வேண்டியது என்று அந்தத் தீர்ப்பு சொல்லிவிட்டது. வழக்குப் போட்டவர் நம்மைப் போல ஓய்வுபெற்ற ஓர் அரசு அலுவலர். வீட்டில் சும்மா உட்கார்ந்திராமல் 'ஏன் இந்தத் தேதி?' என்று கேட்டவர்.

டிரைவர் நண்பருக்கு இப்போது எல்லாக் கவனமும் எண்பதாவது பிறந்த நாளில்தான். 80 வயதானால் அடிப்படைப் பென்ஷனில் 20 சதவீதம் கூடுதலாக வரும். 85க்கு 30, 90க்கு 40, 95க்கு 50. 100 வயதைத் தொட்டுவிட்டால் 100 சதவீதம், அதாவது இன்னொரு முழுப் பென்ஷன். சென்ற வாரம் பெஞ்சில் உட்கார்ந்து நான் இதை எழுதிக் காட்டினேன். அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கடைசி வரியில் விரலை வைத்தார்.

"என்ன டிரைவர் சார், நூறு வரைக்கும் லைன் கிளியர் கேக்குறீங்களா?" என்றேன்.

"லைன் கிளியர் எல்லாம் எதுக்கு மாஸ்டர்" என்றார். "வழக்கம் போல லூப்புல போட்டு மறந்துடுங்க. இந்தத் தடவை நான் விசிலே அடிக்கமாட்டேன்."

வணக்கம்.